அரைவயிற்றோடு பாரம் தூக்காதே!

தம்பி, நீ கண்டக்குழிக்காரன். மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவில் ஓயாமல் காற்றடிக்கும் மணல். கரைக்கு நடந்தால் மீன். தோட்டப் பக்கம் நடந்தால் வெங்காயம், மிளகாய், பூசணி. இப்படியொரு மண்ணில் பிறந்துவிட்டு நீ பட்டினியோடு பாரம் தூக்கிக்கொண்டிருக்கிறாய்!

பழைய பெயின்ட் வாளியில் சீமெந்து ஊற்றி இறுகவைத்து, இரும்புக் குழாயின் இரு முனையிலும் பொருத்தி, கூட்டாளிமாரோடு சேர்ந்து நீயே செய்த பாரம் அது. கைட் ஓட்ட வரும் வெளிநாட்டுக்காரரின் தோளைப் பார்த்து உனக்கும் அப்படி ஆக வேண்டுமென்று ஆசை வந்தது. நல்ல ஆசை. உடம்பை வலிமையாக்க நினைப்பவன் தன்னை மதிக்கத் தொடங்கிவிட்டான் என்று பொருள். ஆனால் மாதங்கள் கழிந்தும் கை பழைய கையாகவே இருக்கிறது. தூக்கும் எடை கூடவில்லை. பொழுது சாய்ந்தால் எரிச்சல், இரவில் தூக்கமில்லை. கடைசியில் நீ கண்டுபிடித்த காரணம் என்ன? "எனக்கு உடம்பு வாகு இல்லை."

பொய்! உன் வாகில் ஒரு குறையும் இல்லை. காலையில் ஒரு பிளேன்டீ, இரண்டு பிஸ்கட். பகலில் ஒரு பிடி சோறு, மேலே கொஞ்சம் குழம்பு. பின்னேரம் இன்னொரு பிளேன்டீ. அதன்பிறகு பாரம். இரவில் கால்றாத்தல் பாணும் சம்பலும். நீ தோற்றது தோளில் அல்ல, சோற்றில்.

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு தமிழர் இருக்கிறார், சதீஷ் சிவலிங்கம். அவருடைய அப்பா இராணுவத்தில் இருந்தவர், தானும் பாரம் தூக்கியவர், பிறகு காவலாளியாக வேலை பார்த்தவர். அந்த வீட்டுப் பிள்ளை 2014இல் கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் இரண்டு வகைத் தூக்கலிலும் சேர்த்து 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அவர் போட்டியிட்ட எடைப்பிரிவு 77 கிலோ. ராட்சத உடம்பில்லை, நம்மைப் போன்ற உடம்புதான். 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். வாகு இல்லை என்று அவர் வீட்டில் யாரும் உட்கார்ந்து அழவில்லை.

பாரம் தூக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் தசை வளர்வதில்லை என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள். அந்த நேரத்தில் தசை நொந்துபோகிறது, அவ்வளவுதான். வளர்ச்சி நடப்பது அதற்குப் பிறகு வரும் ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ, நீ தின்னும் உணவைக்கொண்டு, நீ தூங்கும் தூக்கத்தில். உணவு வராவிட்டால் உடம்பு சும்மா இருக்காது. உள்ளே இருக்கும் தசையையே கரைத்துச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும். 2022 ஓகஸ்ட் நினைவிருக்கிறதா? மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. போட்டுகள் கரையில் கிடந்தன. எஞ்சின் பழுதா? இல்லை. ஓட்டத் தெரிந்தவர் இல்லையா? இருந்தார்கள். எண்ணெய் இல்லை. உன் உடம்பும் இன்று அப்படித்தான் கரையேறிக் கிடக்கிறது. நீயோ எஞ்சினைத் திட்டிக்கொண்டிருக்கிறாய்!

பசியைப் பொறுத்துக்கொண்டால் மன உறுதி வளரும் என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். 1944இன் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். எல்லோரும் நல்ல திடகாத்திரமானவர்கள், தாமாக முன்வந்தவர்கள். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று அறிவதற்காகத் தங்கள் உடம்பைக் கொடுத்தவர்கள். 24 வாரம் அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1570 கலோரி. அந்தச் சாப்பாட்டோடு வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். என்ன ஆனார்கள்? எடையில் கால்பங்கு போனது. கைப்பிடி பலம் குறைந்தது. இதயத் துடிப்பு மந்தமானது. அதைவிடக் கொடுமை மனதுக்கு நேர்ந்தது. படிப்பில் நாட்டமில்லை, நண்பர்களோடு பேச்சில்லை, பெண்களைப் பற்றிய நினைப்புகூட இல்லை. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். கொள்கைக்காகப் போருக்குப் போக மறுத்த உறுதிமிக்க இளைஞர்கள் அவர்கள்! பசி அவர்களையே அப்படிச் சுருட்டியது. பட்டினியால் மன உறுதி கூடும் என்பவனிடம் இந்த 36 பேரின் கதையைச் சொல்.

அதனால் பசி எடுத்தால் வெட்கப்படாதே. பயிற்சி செய்கிறவனுக்குப் பசி கூடத்தான் செய்யும், கூட வேண்டும். "சாப்பாட்டு ராமன்" என்று எவனாவது கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். அம்பாப் பாட்டுப் பாடிக் கரைவலை இழுத்த உன் பாட்டனை நினைத்துப் பார். வலையின் மடி கரையேறும்வரை மணலில் குதிகாலைப் புதைத்துக் கயிறு இழுத்த மனிதன், வாடிக்கு வந்து உட்கார்ந்தால் கோப்பை நிறையச் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டான். அதை யாரும் பேராசை என்று சொல்லவில்லை. அந்த உடம்பை எந்த ஜிம்மும் செய்துகொடுக்கவில்லை. வேலையும் சோறும் செய்தன.

இனி கணக்குக்கு வா. பாரம் தூக்குகிறவனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் ஒரு நாளைக்குப் போதும் என்பது ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்ட முடிவு. நீ 60 கிலோ என்றால் 96 கிராம். பெரிய தொகையாகத் தெரிகிறதா? உன் வீட்டு அடுப்படியிலேயே எண்ணுவோம். காலையில் இரண்டு அவித்த முட்டை, 12 கிராம். பகலுக்கும் இரவுக்கும் சேர்த்துச் சமைத்த மீன் 200 கிராம், சூரையோ பாரையோ எதுவானாலும் சரி, சுமார் 44 கிராம். அவித்த கௌபி ஒரு கப், 13. அரைக் கப் பருப்புக் கறி, 9. ஒரு கை கச்சான், 7. நாள் முழுக்க நீ சாப்பிடும் சோறு 400 கிராம் என்று வைத்தால் அதிலிருந்து 11. கூட்டிப் பார், 96 வந்துவிட்டது! இதில் வெளிநாட்டுச் சாமான் எங்கே இருக்கிறது? டின் எங்கே இருக்கிறது? கல்பிட்டிச் சந்தையில் கிடைக்காதது ஒன்றாவது உண்டா?

புரதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சோற்றை விட்டுவிடாதே. இது இன்று பல பிள்ளைகள் செய்யும் பெரிய பிழை. சோற்றுக்குப் பயந்து கோழி நெஞ்சை மட்டும் தேடி அலைகிறார்கள். சோறும் பிட்டும் இடியப்பமும் மரவள்ளிக் கிழங்கும்தான் உனக்குத் தூக்கும் வலுவைத் தருகின்றன. அவை குறைந்தால் உடம்பு நீ தின்ற மீனையும் அடுப்பில் போட்டு எரித்துவிடும். விடியமுன் கடலுக்குப் போய் வலை வளைத்துவிட்டு வந்து, பின்னேரம் பாரமும் தூக்குகிறாயா? அப்படியானால் உனக்குத் தேவை 3000 கலோரியைத் தாண்டும். வீட்டில் இருப்பவர்கள் சாப்பிடும் அளவைப் பார்த்து நீயும் சாப்பிட்டால் காணாது. தேங்காய்க்கும் பயப்படாதே. 100 கிராம் தேங்காயில் சுமார் 350 கலோரி இருக்கிறது. மெலிந்த பிள்ளைக்கு ஒரு கை சம்பல் கூடுதலாக வைப்பது மலிவான மருந்து.

"பசிக்கவே இல்லையே, நான் எப்படிச் சாப்பிட?" என்று கேட்பாய். நியாயமான கேள்வி. கடும் பயிற்சி முடிந்த கையோடு பசி மங்கிப்போவது இயல்பு. வெயிலும் காற்றும் சேர்ந்தால் இன்னும் மங்கும். அந்த நேரத்தில் பசி வரட்டும் என்று காத்திருந்து, பிறகு சீனி போட்ட பிளேன்டீயைக் குடித்து, வந்த கொஞ்சப் பசியையும் கொன்றுவிடுகிறாய். அதை நிறுத்து. மெல்ல முடியாவிட்டால் குடி. பயறும் அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கஞ்சி ஒரு பெரிய கோப்பை, கூட ஒரு வாழைப்பழம். பால்மா கரைத்தாலும் சரி. பிறகு ஒன்றரை மணி நேரம் கழித்துச் சோறு. ஒரே மூச்சில் மலைபோலச் சாப்பிட்டு நெளிய வேண்டாம். நாளை நான்காகப் பிரித்துக்கொள், ஒவ்வொரு வேளையிலும் மீனோ முட்டையோ பருப்போ ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். வயிறும் பழகும் தம்பி. சில வாரம் நேரத்துக்குச் சாப்பிட்டுப் பார், அந்த நேரம் வந்தால் அதுவே மணி அடிக்கும்.

இன்னொரு பசியும் உண்டு, அதற்கு ஏமாறாதே. நள்ளிரவுவரை போனைப் பார்த்துவிட்டு மறுநாள் இனிப்புக்கும் ரோல்ஸுக்கும் அலையும் பசி அது. தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஓமோன் ஏறும், போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கும். அதற்கு மருந்து தூக்கம்தான். வெயிலில் வேலை செய்தவனுக்குத் தாகமும் பசிபோலத் தோன்றலாம். முதலில் தண்ணீர் குடி. பிறகும் வயிறு கேட்டால் அது மெய்யான பசி, அதற்குச் சாப்பாடு போடு.

காசைப் பற்றிப் பேசாமல் இதையெல்லாம் சொல்வது அநியாயம். தென்மேற்குக் காற்று எழும்பினால் இந்தப் பக்கக் கடல் கொந்தளிக்கும், மீன்பாடு குறையும், வீட்டில் காசும் குறையும். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோது முட்டை வாங்கவே யோசித்த வீடுகள் எத்தனை! அந்த அடியிலிருந்து எல்லா வீடும் இன்னும் எழும்பிவிடவில்லை. ஆனாலும் வழி அடைபட்டுப் போகவில்லை. 100 கிராம் உலர்ந்த பருப்பில் 24 கிராம் புரதம் இருக்கிறது. கௌபியும் கடலையும் பயறும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மீன் மலிந்த நாளில் சூடையும் நெத்தலியும் வாங்கிக் கருவாடாக்கி வை. நெத்தலிக் கருவாட்டில் பாதிக்கு மேல் புரதம்தான். உப்புதான் அதிகம், சமைக்குமுன் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு தரம் கழுவு. வீட்டு மூலையில் இரண்டு கோழி வளர்க்க மணலில் இடமில்லையா? வேலியில் முருங்கை இல்லையா? ஏழ்மை உண்மைதான். அதைக் காரணம் காட்டி நீ கைகட்டி நிற்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

அந்தக் காசை நீ எங்கே கொட்டுகிறாய் என்பதையும் சொல்கிறேன், கேள். ஒரு டின் புரதத் தூளுக்கு மாதக்கணக்காகச் சேர்த்ததைக் கொடுக்கிறாய். தூளில் விஷமில்லை. பாலிலிருந்து எடுத்த புரதம், அவ்வளவே. ஆனால் பகல் சோற்றைக் குறைத்துவிட்டுத் தூள் கரைத்துக் குடிப்பவனை என்னவென்று சொல்ல? தூள் மேலதிகம், சோறுதான் அடிப்படை. ஊசியோடு வருகிறவன் ஒருவன் இருப்பான், "மூன்று மாதத்தில் உடம்பு" என்பான். அவனை வாசலிலேயே நிறுத்து! அந்த ஸ்டெரொயிட் ஊசி இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும், விதையைச் சுருக்கும், நாளைக்குப் பிள்ளைப்பேற்றையே பறிக்கும். உன் வாழ்க்கையை அவன் கையில் கொடுத்துவிடாதே. சிறுநீரக நோயோ நீரிழிவோ உள்ளவர் மட்டும், உணவை மாற்றுமுன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

நோன்பு காலத்தில் என்ன செய்வது என்று இந்தக் கரையின் முஸ்லிம் பிள்ளைகள் கேட்பார்கள். பயிற்சியை விடாதே, நேரத்தை மாற்று. நோன்பு திறந்து, பேரீச்சம்பழமும் கஞ்சியும் உள்ளே போய், தராவீஹ் முடிந்த பிறகு தூக்கு. அல்லது மஃரிபுக்குச் சற்று முன் இலேசாகத் தூக்கிவிட்டு நோன்பு திறக்கப் போ. அரிசி, பயறு, வெந்தயம், தேங்காய்ப்பால், இறைச்சி போட்டு நம் பள்ளியில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைவிடப் பயிற்சிக்காரனுக்கு ஏற்ற உணவை எந்தக் கம்பனியும் இதுவரை டின்னில் அடைக்கவில்லை. ஸஹரை மட்டும் தவறவிடாதே, அதில் முட்டையும் தயிரும் இருக்கட்டும். 1995 பெப்ரவரியில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் அந்த மாதத்துச் சிறந்த வீரராகத் தேர்வானவர் ஹக்கீம் ஒலாஜுவான். அந்த மாதம் அவர் நோன்பு பிடித்துக்கொண்டே விளையாடினார்! தவக்காலத்தில் இறைச்சி ஒறுக்கும் கத்தோலிக்கப் பிள்ளைக்கோ கவலையே இல்லை. மீனுக்குத் தடையில்லை.

உடம்பு கனத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. எடை குறைக்க வேண்டுமென்றால் ஒரேயடியாகப் பட்டினி கிடக்காதே. சோற்றில் கொஞ்சம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கறியையும் கீரையையும் மீனையும் கூட்டு. மெல்லக் குறை. 2024 ஓகஸ்ட் 6ஆம் திகதி பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை வினேஷ் போகத் ஒரே நாளில் மூன்று மல்யுத்தங்களை வென்று இறுதிக்குப் போனார். மறுநாள் காலை எடை பார்த்தபோது அவருடைய பிரிவின் எல்லையான 50 கிலோவுக்கு மேல் 100 கிராம். இரவெல்லாம் தூங்காமல் வியர்வை சிந்தினார், முடியைக்கூட வெட்டினார்கள், அப்படியும் அந்த 100 கிராம் போகவில்லை. பதக்கம் போயிற்று. உலகமே அழுதது. அவருக்காவது எடைப்பிரிவு என்றொரு சட்டம் இருந்தது. உனக்கு எந்தச் சட்டம்? எவன் வைத்த தராசுக்குப் பயந்து நீ வயிற்றைக் காயப்போடுகிறாய்? வாரத்துக்கொரு தடவை, காலையில், வெறும் வயிற்றில் எடை பார். மெலிந்தவனுக்கு வாரம் கால் கிலோ ஏறினால் பாதை சரி. ஒரு கிலோ ஏறினால் அதில் பெரும்பங்கு கொழுப்பு, கொஞ்சம் அடக்கு. இரண்டு வாரமாக அசையவே இல்லையா? இன்னும் ஒரு அகப்பை சோறு, இன்னும் ஒரு முட்டை. இதற்கு மேல் விஞ்ஞானம் வேண்டியதில்லை.

இனி தங்கச்சி, உன்னோடுதான் பேச வேண்டும். உன்னைத்தான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும்.

2018இல் கோல்ட் கோஸ்ட்டில் பெண்கள் 48 கிலோ பிரிவின் பதக்க மேடையை நினைத்துப் பார். தங்கத்தோடு நின்றவர் மணிப்பூரின் மீராபாய் சானு. அதே மேடையில் வெண்கலத்தோடு நின்றவர் நம் இலங்கையின் டினுஷா கோமஸ், 155 கிலோ தூக்கியவர். 48 கிலோப் பெண்! அந்த மீராபாய் சிறு வயதில் விறகுக் கட்டுச் சுமந்தவர். அம்மாவுக்குச் சின்னத் தேநீர்க் கடை. பயிற்சியாளர் எழுதிக்கொடுத்த சாப்பாட்டுப் பட்டியலில் பாலும் கோழியும் இருந்தன, வீட்டில் அது தினமும் முடியாத காரியம். இருந்ததை வைத்து அந்தக் குடும்பம் மகளுக்கு ஊட்டியது. ஊரிலிருந்து இம்பாலுக்குப் பயிற்சிக்குப் போக மணல் லொறிக்காரர்கள் அவரை ஏற்றிச் சென்றார்கள். டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்று திரும்பியவர், அந்த லொறிக்காரர்களைத் தேடிப்பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டார். பசியின் அருமை தெரிந்த கை அது!

உன் வீட்டில் நடப்பது என்ன? அப்பாவுக்குப் பெரிய துண்டு, அண்ணனுக்கு நடுத்துண்டு, உனக்குத் தலையும் குழம்பும். எல்லோரும் எழும்பிய பிறகு நீயும் அம்மாவும் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறீர்கள். பாடசாலையில் வலைப்பந்து ஆடுகிறாய், ஓடுகிறாய், குண்டு எறிகிறாய், அதற்கும் மேலே வீட்டு வேலை. "பொம்பிளைப் பிள்ளை இவ்வளவு சாப்பிடுமா?" என்று ஒரு குரல் வந்தால் கையை எடுத்துவிடுகிறாய். எடுக்காதே! செலவுக்கு ஏற்ற உணவு உடம்புக்குக் கிடைக்காவிட்டால் பெண்ணுக்கு மாதவிடாய் தப்பும், எலும்பு தேயும், காயம் ஆறாது. இது விளையாட்டுப் பிள்ளைகளிடம் பரவலாக இருக்கிறது என்று 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவே தனிப் பெயர் வைத்து எச்சரித்தது. மாதவிடாய் நின்றால் அது கடும் பயிற்சிக்கு அடையாளமென்று நினைத்துப் பெருமைப்படாதே, வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். மருத்துவமாதுவிடம் போய்ச் சொல், வைத்தியரைப் பார். இரத்தசோகை உள்ள பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. கீரை, பருப்பு, மீன், ஈரல், கூடவே தேசிக்காய்ப் புளி. உனக்கும் கிலோவுக்கு அதே 1.6 கிராம்தான். பெண்ணுக்கென்று குறைத்துக் கொடுக்கக் காரணமில்லை.

தம்பி, உனக்கும் இதில் பங்குண்டு. நீ வலிமையானவன் என்று காட்ட வேண்டுமா? அடுத்த வேளை சாப்பாட்டில் உன் துண்டை வெட்டித் தங்கச்சியின் கோப்பையில் வை. பிறகு எழும்பிப்போய் இருவருக்கும் சேர்த்து இன்னும் இரண்டு முட்டை அவி.

கண்டக்குழி அம்மாமாரே, வாப்பாமாரே, அப்பாமாரே! உங்கள் பிள்ளைகள் கெட்ட வழியில் போகவில்லை, பாரம் தூக்கத்தான் போயிருக்கிறார்கள். பின்னேரம் வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்குள் வரும்போது "உனக்கென்ன இவ்வளவு பசி?" என்று கேட்காதீர்கள். பானையைத் திறந்து வையுங்கள். மகனுக்கு வைத்த அதே அளவு மீனை மகளுக்கும் இன்றிரவே வையுங்கள்.